ரம்பத்தின் நீளம்



2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கு அண்மையில் கரையைக் கடந்தது. அதற்கு நான்கைந்து நாட்களுக்குப் பின், உறவினர் நலம் விசாரிக்க அப்பக்கம் சென்ற எனக்கு, வழியில் ஒரு சிற்றூரில் நெடுநேரம் நிற்க நேர்ந்தது. சாலைக்குக் குறுக்கே ஒரு தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. அதன் அடிமரம் இரண்டரை அடிக் குறுக்களவு இருக்கும். ஓர் இளைஞர் பெட்ரோலால் ஓடும் சங்கிலி ரம்பம் ஒன்றை வைத்துக்கொண்டு அதனோடு போராடிக்கொண்டிருந்தார். மோட்டார் அலறியது, புகை எழுந்தது, மரத்திலிருந்து மாவு போன்ற தூள் மட்டுமே உதிர்ந்தது. அரை மணி நேரத்தில் கையகல ஆழங்கூட இறங்கவில்லை.

அருகே நின்ற முதியவர் ஒருவர், நெடுங்காலம் மரம் அறுத்துப் பிழைத்தவர் போலும், பொறுமை இழந்து கேட்டார்: “நீட்டமா இருந்தா ஆச்சா தம்பி? இழுக்கிற மாடு வேணாமா?”

“பெரிய மரத்துக்குப் பெரிய வாளுதானே வேணும், பெரியப்பா?” என்றார் இளைஞர்.

அப்போதுதான் நான் கவனித்தேன். சிறிய மோட்டார் ஒன்றில் மூன்றடிக்குச் சற்றுக் குறைந்த ஒரு நீண்ட எஃகு அலகு பொருத்தப்பட்டிருந்தது. சங்கிலி ஓடுவதற்கு விளிம்பில் பள்ளம் வெட்டிய இந்த அலகைத் தொழிலாளர்கள் ‘பார்’ என்றே வழங்குகிறார்கள். அலகு நீண்டால் அறுப்பு விரையும் என்ற எண்ணம் அந்த இளைஞர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. நூறாண்டுகளுக்கு மேலாக, உலகின் மிகப் பெரிய மரங்களை வீழ்த்தியவர்களும் இதே கேள்வியோடு மல்லாடினார்கள். அந்தக் கதையையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து வாஷிங்டன், ஆரிகன் மாநிலங்கள் வழியாக வட கலிபோர்னியா வரையில், ஊசியிலை மரங்கள் நிறைந்த மாபெருங் காடுகள் மலைச்சரிவுகளைப் போர்த்தி நின்றன. டக்ளஸ் ஃபர் என்னும் மரமும், ரெட்வுட் என்னும் மரமும் அங்கே தலைமை பெற்றவை. ரெட்வுட் என்ற பெயரைக் கேட்டதும் நம் செம்மரத்தை நினைத்துக்கொள்ளலாகாது. இது வேறு இனம். 2006-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட ரெட்வுட் ஒன்று ஏறத்தாழ 380 அடி உயரம் உடையது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் முக்கால் விமானத்தை அடுக்கினால் எவ்வளவு வருமோ அவ்வளவு! அடிமரம் பதினைந்து, இருபது அடிக் குறுக்களவு உடைய மரங்களும் அக்காட்டில் இருந்தன.

இத்தகைய மரங்களைத் தொடக்கத்தில் கோடரி கொண்டே வீழ்த்தினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் இருவர் இழுக்கும் குறுக்கு ரம்பம் நிற்கும் மரத்தை வெட்டவும் வந்தது. அடிமரம் வேர்ப்பக்கம் பருத்துப் பிசின் ஊறிக் கிடக்குமாதலால், தரையிலிருந்து பல அடி உயரத்தில் மரத்தில் துளை வெட்டி, அதில் பலகையைச் செருகி, அப்பலகைமேல் நின்றுகொண்டு அறுப்பார்கள். பலகை செருகிய அந்தத் துளைகள், பழைய அடிக்கட்டைகளில் இன்றும் இரு கண்களைப் போலக் காணப்படுகின்றன.

ரம்பத்தின் நீளம் என்ற கேள்வி இங்கேதான் முதலில் எழுகிறது. இருவர் இழுக்கும் ரம்பம் மரத்தின் குறுக்களவுக்குச் சமமாக இருந்தால் பயனில்லை. இழுப்பதற்கு இடமே இராது. குறுக்களவோடு கை வீச்சின் நீளத்தையும் கூட்டிக்கொள்ளவேண்டும். ஒன்பது அடி மரத்துக்குப் பன்னிரண்டு அடி ரம்பம் எடுத்தால் மூன்றடி வீச்சுக் கிடைக்கும். மரம் பருக்கப் பருக்க ரம்பம் நீண்டது. சில வேளைகளில் இரண்டு ரம்பங்களை ஒட்டவைத்து ஒன்றாக்கியும் கொண்டார்கள். ஆனால் ரம்பம் நீண்டதே தவிர, அதன் இரு முனைகளிலும் நின்றவர்கள் அதே இருவர்தாம். ஐந்தடி அறுப்பு வாயில் இருக்கும் பற்களைப் போல இரு மடங்குப் பற்கள் பத்தடி அறுப்பு வாயில் மரத்தைக் கவ்வும். அவ்வளவு பற்களையும் இழுக்கவேண்டியவை அதே நான்கு கைகள். அந்தத் தொழிலாளர்கள் ரம்பத்துக்கு வைத்த பட்டப்பெயரைத் தமிழில் ‘துன்பச் சாட்டை’ என்று சொல்லலாம். வேடிக்கைப் பெயர்தான், ஆனால் நாள் முழுவதும் அதை இழுத்தவர்கள் சூட்டிய பெயர்.

அந்த ரம்பத்தின் பல்லமைப்பைச் சற்று நின்று நோக்குவோம். பின்னால் வரும் செய்திகளுக்கு அது திறவுகோல். அதில் இரு வகைப் பற்கள் உண்டு. முதல் வகை, கத்திமுனை போலக் கூர்மையாக இருந்து மரத்தின் நாரைத் துண்டிக்கும். இரண்டாம் வகை, நம் தச்சரின் இழைப்புளியைப் போல, துண்டித்த நாரைச் சுருளாக வாரி வெளியே தள்ளும். வாரும் பல், வெட்டும் பல்லைவிட மயிரிழை அளவு குட்டையாக இருக்கவேண்டும். பற்களுக்கு இடையே ஆழமான பள்ளம் இருக்கும். வாரிய சுருள் வெளியேறும் வரையில் அதில் தங்கவேண்டும். அறுப்பு வாய் நீளமானால் சுருளும் மிகுதி. பள்ளம் போதாவிட்டால் ரம்பம் தன் தூளிலேயே சிக்கிக்கொள்ளும். நன்றாக அரம் போட்ட ரம்பத்திலிருந்து சேமியா போன்று நீண்ட சுருள்கள் வரும். மழுங்கிய ரம்பத்திலிருந்து தூள் வரும். ஆதலால் வெட்டு முகாம்களில் அரம் போடுபவருக்குத் தனிக் குடிசையும் தனி மதிப்பும் இருந்தன. பதமான ரம்பம் இல்லையேல் மிக வலிய தோள்களும் வீணே.

இனி, சங்கிலி எப்போது வந்தது? விந்தை என்னவென்றால், அது காட்டில் பிறக்கவில்லை. அறுவை மருத்துவச் சாலையில் பிறந்தது. ஜெர்மனியில் வியூர்ட்ஸ்பர்க் நகரத்தில் வாழ்ந்த பெர்ன்ஹார்ட் ஹைனே என்பவர் 1830-ஆம் ஆண்டில் எலும்பு அறுக்கும் கருவி ஒன்றை அமைத்தார். சிறிய அலகு ஒன்றைச் சுற்றிப் பற்கள் கொண்ட முடிவில்லாச் சங்கிலி. அதைச் சுழற்ற ஒரு கைப்பிடி. மயக்க மருந்து கண்டறியப்படாத காலம் அது. சம்மட்டி அடியின் அதிர்ச்சியும், ரம்பத்தின் உலுக்கலும் இல்லாமல் விரைவில் எலும்பை அறுப்பது நோயாளியின் உயிரையே காக்கக்கூடிய செய்தி. கையால் சுழற்றும் அந்தக் கருவிக்கு விரல் நீள அலகே போதுமானதாக இருந்தது.

1905-ஆம் ஆண்டில் சான்பிரான்சிஸ்கோ நகரத்துச் சாமுவேல் பென்ஸ் என்பவர் மாபெரும் ரெட்வுட் மரங்களை வீழ்த்துவதற்காக ஒரு முடிவில்லாச் சங்கிலி ரம்பத்துக்கு உரிமைக் காப்புப் பெற்றார். 1918-ஆம் ஆண்டில் கனடாவின் மானிடோபாவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஷாண்ட், எடுத்துச் செல்லக்கூடிய ஒன்றுக்கு உரிமை பெற்றார். காட்டுக்குள் நிலையாகப் புகுந்த பெருமை ஜெர்மானியர் இருவருடையது. ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் 1926-ஆம் ஆண்டில் மின்சாரத்தால் ஓடும் ரம்பத்தையும், 1929-ஆம் ஆண்டில் பெட்ரோலால் ஓடும் ரம்பத்தையும் செய்தார். எமில் லெர்ப் 1927-ஆம் ஆண்டில் துரிங்கியா மாநிலத்து டோல்மர் என்னும் மலைமேல் தம் பெட்ரோல் ரம்பத்தை ஓட்டிப் பார்த்தார். அந்த மலையின் பெயரே பின்னர் நிறுவனத்தின் பெயராயிற்று.

ஸ்டீலின் 1929-ஆம் ஆண்டு இயந்திரம் ஆறு குதிரைச் சக்தி உடையது. எடை 46 கிலோ. அதை ஒருவர் தூக்கி அறுப்பதென்பது நடவாத காரியம். மோட்டார்ப் பக்கத்தை ஒருவர் பிடிக்க, அலகின் நுனியில் உள்ள கைப்பிடியை மற்றொருவர் பிடிப்பார். துன்பச் சாட்டையின் இரு முனைகளிலும் நின்ற அதே இருவர், இப்போது இயந்திரத்தின் இரு முனைகளிலும் நின்றனர்! இழுப்பது மட்டும் மோட்டாரின் பணி. இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானிய இயந்திரங்கள் கிடைக்காமற்போகவே, அமெரிக்காவும் கனடாவும் தாமே இத்தகைய இருவர் ரம்பங்களை மிகுதியாகச் செய்தன. மேற்குக் கரையில் ஆள் உயரத்துக்கு மேற்பட்ட அலகுகளும் வழக்கத்தில் இருந்தன.

ஆயினும் ஒரு குறை. சங்கிலியின் பற்கள் பழைய குறுக்கு ரம்பத்தின் பற்களைப் பார்த்து அமைக்கப்பட்டவை. கையால் மெதுவாக இழுக்கும்போது செம்மையாக வேலை செய்த அப்பற்கள், மோட்டாரின் வேகத்தில் மரத்தைப் பிறாண்டின. அடிக்கடி மழுங்கின; ஒவ்வொரு பல்லையும் தனித்தனியே திறமையோடு தீட்டவேண்டியிருந்தது.

அந்தக் குறையைத் தீர்த்தது ஒரு புழு என்றால் நம்புவீர்களா? ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் பியூஃபோர்ட் காக்ஸ் என்னும் மரம்வெட்டி இருந்தார். 1946-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் ஒருநாள் விறகு பிளந்துகொண்டிருந்தவர், ஓர் அடிக்கட்டையைத் துளைத்துச் செல்லும் வண்டுப் புழுவைக் கண்டார். ஆட்காட்டி விரல் பருமனுள்ள அந்தப் புழு, நாரின் போக்கிலும் அறுத்தது. நாருக்குக் குறுக்கேயும் அறுத்தது. இரண்டிலும் ஒரே எளிமை. காக்ஸ் குனிந்து பார்த்தார். புழுவின் வாயில் இரு தாடைகள் இடமும் வலமுமாக மாறி மாறி அசைந்து மரத்தைச் செதுக்கின. அந்த வாயை எஃகில் வார்த்தால் என்ன? கொக்கிபோல் வளைந்த மேற்புறமுடைய பற்களை இடமொன்றும் வலமொன்றுமாக அவர் சங்கிலியில் அமைத்தார். ஒவ்வொரு பல்லும் தானே நாரைத் துண்டித்துத் தானே சீவி எடுக்கும். பல்லுக்கு முன்னே ஒரு சிறு முனை, பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று கட்டுப்படுத்தும். 1947-ஆம் ஆண்டில் போர்ட்லண்ட் நகரில் தம் வீட்டின் நிலவறையில் அவர் இச்சங்கிலியைச் செய்து விற்கத் தொடங்கினார். இன்று உலகெங்கும் ஓடும் சங்கிலிகள் பெரும்பாலும் அந்தப் பல்லின் வழிவந்தவையே. என் கருத்தில், இந்த வரலாற்றின் பெரிய திருப்பம் மோட்டார் அன்று, இந்தப் பல்தான்.

இப்போது கணக்குக்கு வருவோம். அஞ்சவேண்டாம், பள்ளிக்கூடத்துக் கணக்குத்தான்.

நடுத்தர ரம்பம் ஒன்றில் சங்கிலியை ஓட்டும் பற்சக்கரத்துக்கு ஏழு பற்கள் என்று கொள்வோம். பெருவழக்கிலுள்ள சங்கிலியில், சக்கரத்தின் ஒரு பல் நகர்ந்தால் சங்கிலி முக்கால் அங்குலம் நகரும். ஆகவே ஒரு சுற்றுக்கு ஐந்தேகால் அங்குலம். மோட்டார் நிமிடத்துக்கு 9,000 சுற்றுச் சுழன்றால், சங்கிலி நொடிக்கு ஏறக்குறைய 20 மீட்டர் ஓடும். அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். இந்தக் கணக்கில் அலகின் நீளம் எங்கேனும் வந்ததா? வரவில்லை. சங்கிலியின் வேகத்தை முடிவு செய்பவை மோட்டாரும் பற்சக்கரமுமே. 16 அங்குல அலகைக் கழற்றிவிட்டு 32 அங்குல அலகை மாட்டினால், மோட்டார் அதே சுற்றைத் தாங்கும் வரையில், சங்கிலி அதே வேகத்தில்தான் ஓடும்.

சரி, பத்து அங்குலக் கட்டை ஒன்றை இரண்டு அலகுகளாலும் அறுத்துப் பார்த்தால்? வழக்கமான சங்கிலியில் ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு வெட்டும் பல் உண்டு. ஆகவே எந்த நொடியிலும் கட்டைக்குள் இருப்பவை ஆறு அல்லது ஏழு பற்களே. அலகு நீளமானாலும் குட்டையானாலும் அதே எண்ணிக்கை. மிச்சப் பற்கள் காற்றில் சும்மா சுற்றிவரும். நீண்ட அலகில் சங்கிலி மிகுதியாகலின் பள்ளத்தில் உராய்வு சற்றுக் கூடும், எடையும் கூடும், கை விரைவில் சோரும். எனவே நீண்ட அலகு சிறிய கட்டையை விரைந்து அறுப்பதில்லை. சிறிதளவு தாமதமாக அறுக்கும் என்பதே உண்மை. அந்த வேற்றுமையும் பெரிதன்று.

முப்பது அங்குல மரத்தில்தான் வழக்கு மாறுகிறது. அறுப்பு வாய்க்குள் இப்போது இருபது பற்கள். மோட்டாரின் சக்தியை முன்பு ஆறேழு பேர் பங்கிட்டுக்கொண்டார்கள். இப்போது இருபது பேர். அழுத்தி அறுத்தால் மோட்டார் திணறிச் சுற்றுக் குறையும். தளர்த்திப் பிடித்தால் ஒவ்வொரு பல்லும் மெல்லிய தோலை மட்டும் சீவும். மெல்லிய சீவலை எடுப்பதில் ஒரு நட்டம் உண்டு: ஒரே அளவு மரத்தைப் பொடியாக்கி எடுப்பதற்கு, தடித்த சீவலாக எடுப்பதைவிட மிகுந்த சக்தி வேண்டும். தேங்காயைத் துண்டு போடுவதற்கும் துருவுவதற்கும் உள்ள வேற்றுமையை நம் வீட்டுப் பெண்மணிகள் அறிவார்கள். அந்தச் சிற்றூரில் மாவுபோல் உதிர்ந்த தூளின் காரணம் இதுவே.

இதனோடு இன்னொன்று. குறுக்களவு மும்மடங்கானால் அறுக்கவேண்டிய பரப்பு மும்மடங்கன்று, ஒன்பது மடங்கு. பத்து அங்குலக் கட்டையின் முகம் 78 சதுர அங்குலம். முப்பது அங்குலக் கட்டையின் முகம் 700 சதுர அங்குலத்துக்கு மேல். அதே மோட்டார் என்றால் நேரமும் ஒன்பது மடங்குக்குக் குறையாது. ‘நீண்ட அலகு மெதுவாக அறுக்கிறது’ என்று பழி சொல்பவர்கள் பலரும், பெரிய மரத்தின் குற்றத்தை அலகின்மேல் சுமத்துகிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எண்ணெயையும் மறக்கலாகாது. சங்கிலி பள்ளத்தில் வழுக்கி ஓடச் சிறு பம்பு ஒன்று எண்ணெய் ஊட்டிக்கொண்டே இருக்கும். சிறிய ரம்பத்தின் பம்பு சிறிய அலகை எண்ணிச் செய்யப்பட்டது. நீண்ட அலகை மாட்டினால் நுனி வரையில் எண்ணெய் எட்டாது. விளிம்பு சூடேறி நீலம் பாரிக்கும். சங்கிலி விரிந்து தொங்கும். 50 கன சென்டிமீட்டர் மோட்டாருக்கு 16 முதல் 20 அங்குலம், 90 கன சென்டிமீட்டர் மோட்டாருக்கு 28 முதல் 36 அங்குலம் என்று இன்று பொதுவாகச் சொல்லப்படும் அளவுகள் இந்த அனுபவங்களிலிருந்து எழுந்தவை. மேற்குக் கரைத் தொழிலாளர்கள் நீண்ட அலகுக்கு வேறொரு சங்கிலியையும் பயன்படுத்துகிறார்கள். அதில் பல்லுக்கும் பல்லுக்கும் இடைவெளி மிகுதி. மூன்றில் ஒரு பங்குப் பற்கள் குறைவு. பல் குறைந்தால் பங்காளிகள் குறைவர். மிஞ்சிய ஒவ்வொரு பல்லும் வலிமையோடு கடிக்கும். இடைவெளியில் சீவல்கள் தங்கி வெளியேறவும் இடம் உண்டு. பழைய குறுக்கு ரம்பத்தின் பல்லிடைப் பள்ளத்தை இங்கே நினைவுகூரலாம்.

அந்த முதியவர் என்ன செய்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இளைஞரின் பெட்டியில் ஒன்றரை அடி அலகு ஒன்று கிடந்தது. அதை மாட்டச் சொன்னார். அரத்தை வாங்கி, தெருத் திண்ணையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பல்லுக்கும் மூன்று இழுப்பு என்று சங்கிலி முழுவதும் தீட்டினார். பின்பு மரத்தின் ஒரு பக்கமிருந்து பாதியும், மறு பக்கமிருந்து பாதியுமாக அறுக்கச் செய்தார். இரு வெட்டுகளும் விரற்கடை பிசகிச் சேர்ந்தன என்பது மெய்தான். ஆனால் தூள் போய்ச் சீவல் வரத் தொடங்கியது. அன்று மாலை எங்கள் பேருந்து அவ்வழியே சென்றது.

மீண்டும் அமெரிக்காவுக்குச் செல்வோம். போர்க்காலத்தில், டெக்சாஸ் மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் ஜெர்மானியப் போர்க்கைதிகளைக் கொண்டு காகிதக் கூழுக்கான மரம் வெட்டும் வேலையை மேற்பார்த்துவந்தவர் கிளாட் பூலன். பழைய லாரி ஒன்றின் சக்கர மூடியை வளைத்து, வில் போன்ற அலகு ஒன்றை அவர் அமைத்தார். சிறிய மரங்களை ஒருவரே, குனியாமல் அறுக்க அது வழி செய்தது. 1949-ஆம் ஆண்டில் மெக்கல்லக் நிறுவனம் 25 பவுண்டு எடையுள்ள ரம்பத்தை வெளியிட்டது. 1959-ஆம் ஆண்டில் வந்த ஸ்டீல் ‘கோன்ட்ரா’ ஆறு குதிரைச் சக்தி உடையது. எடை 12 கிலோ. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு அதே ஆறு குதிரைச் சக்தியின் எடை 46 கிலோ என்பதை நினைத்துப் பாருங்கள்.

எடை குறைந்ததும் அலகின் நுனியில் நின்ற இரண்டாம் மனிதர் தேவையற்றவரானார். நூற்றாண்டுக் காலம் இணைபிரியாது உழைத்த இருவரில் ஒருவர் மெல்ல மறைந்துபோனார். அவர் வேறு தொழில் தேடிக்கொண்டார் என்று வரலாற்று நூல்கள் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றன. மரம் சாயும்போது ‘விலகு’ என்று கூவ மறுபுறத்தில் ஒரு கண் இருந்ததே, அந்தக் கண்ணும் அவரோடு போயிற்று.

ஒருவர் கையில் ரம்பம் வந்தபின் அலகின் நீளத்தில் நாட்டுக்கு நாடு வழக்கம் வேறுபட்டது. சுவீடன், நார்வே, பின்லாந்து நாடுகளின் பைன், ஸ்புரூஸ் மரங்கள் மெலிந்தவை. அங்கே 13, 15 அங்குல அலகுகளே வழக்கமாயின. கிளை கழிக்கும்போது ரம்பத்தைக் கட்டைமேல் தாங்கி நெம்பி நகர்த்தும் முறையை வளர்த்துக்கொண்டார்கள். அமெரிக்க மேற்குக் கரையிலோ, செங்குத்துச் சரிவில் மரத்தின் மறுபக்கம் போய் நிற்பதே அரிது. ஒரே பக்கம் நின்று முழு மரத்தையும் அறுக்கவேண்டும். விழுந்த மரத்தின்மேல் நிமிர்ந்து நடந்தபடியே கிளை கழிக்கவேண்டும். ஆகவே நீண்ட அலகு. ஒருவர் வழக்கத்தை மற்றவர் அறியாமை என்று எள்ளி நகையாடுவதுண்டு. இரு சாராரும் தத்தம் காட்டுக்கு ஏற்றதையே செய்கிறார்கள்.

நீளத்துக்கு உடலாலும் ஒரு விலை உண்டு. அலகு நுனியின் மேற்பாதி எதன்மீதேனும் பட்டால், சங்கிலி அங்கே கவ்வி, ரம்பம் முழுவதும் கண் இமைக்கும் நேரத்தில் மேல்நோக்கிப் பின்னுக்கு எறியப்படும். கழுத்திலும் முகத்திலும் படும் கொடிய வெட்டுகளுக்கு இதுவே காரணம். நீண்ட அலகின் நுனி மரத்துக்கு அப்பால், இலைகளுக்கிடையே, அறுப்பவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும். சங்கிலியைத் தானே நிறுத்தும் தடை 1970-களின் தொடக்கத்தில்தான் வந்தது. நாள்தோறும் அதிரும் கைப்பிடியைப் பற்றியவர்களின் விரல்கள் இரத்த ஓட்டம் குன்றி வெளுத்து மரத்துப்போவதை 1960-களில் மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். அதன் பின்னரே ரப்பர் தாங்கிகளும் கம்பிச்சுருள்களும் கைப்பிடிக்கும் மோட்டாருக்கும் இடையே புகுந்தன. எத்தனை கைகள் அதற்குள் உணர்விழந்தன என்பதை யார் கணக்கிட்டார்கள்?

கடைசியாக ஒன்று. ஆள் உயர அலகுகள் இன்று பெரும்பாலும் அருங்காட்சியகச் சுவர்களில் தொங்குகின்றன. மோட்டார் நலிந்ததனால் அன்று. மோட்டார் முன்னைவிட வலிமை பெற்றே இருக்கிறது. அவ்வலகுக்கு உரிய மரங்கள் இல்லை. ஒரு காலத்தில் இருபது லட்சம் ஏக்கர் பரந்திருந்த முதிய ரெட்வுட் காட்டில் இன்று எஞ்சியிருப்பது நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே. 1968-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் ரெட்வுட் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. 1978-ஆம் ஆண்டில் அதை விரிவாக்கியபோது சேர்த்த நிலத்தில் பெரும்பகுதி முன்பே வெட்டித் தீர்க்கப்பட்ட நிலம். அங்கே மறுபடி முளைத்த இளமரங்கள் மிக நெருங்கி, ஒன்றுக்கொன்று வெளிச்சம் மறைத்து நிற்கின்றன. ஆதலால் அண்மை ஆண்டுகளில், சிலவற்றை நீக்கி மற்றவை பருக்க வழி விடும் வேலை நடைபெறுகிறது. அதையும் சங்கிலி ரம்பத்தால்தான் செய்கிறார்கள். அந்த மெலிந்த மரங்களுக்கு முழங்கை நீள அலகே போதும்.